எத்தனை நியூட்டன் மீட்டர்? வீட்டில் கார் வேலை பார்ப்பவருக்கான டார்க் ரெஞ்சும் மற்ற கருவிகளும்

தன் காரைத் தானே பராமரிக்க வேண்டும் என்று நினைப்பவர்களில் பலர், நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் அடங்கிய ஒரு டூல் பெட்டியை வாங்குவதில்தான் தொடங்குகிறார்கள். என் பரிந்துரை வேறு. அடுத்த ஓராண்டில் உங்கள் கையால் எந்தெந்த நட்டையும் போல்ட்டையும் கழற்றி மாட்டப்போகிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். சாதாரணப் பெட்ரோல் கார் ஒன்றுக்கு அந்தப் பட்டியல் சிறியதுதான்: சக்கர நட்டுகள், ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக்குகள், பேட்டரி முனைகள், ஏர் ஃபில்ட்டர் பெட்டியின் திருகுகள், கொஞ்சம் பழகியவர்களுக்கு பிரேக் காலிப்பர் போல்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நேராக அதன் தலையின் அளவையும், அதை முடுக்க வேண்டிய முறுக்குவிசையையும் (டார்க், அதன் அலகு நியூட்டன் மீட்டர்) குறித்து முடித்தால், வாங்க வேண்டிய கருவிகள் எவை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

சில அளவுகளைப் பார்ப்போம். சக்கர நட்டுக்கு மாருதியிலும் ஹோண்டாவிலும் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் சாக்கெட் பொருந்தும். ஹூண்டாய், டொயோட்டா கார்களில் 21. ஃபோக்ஸ்வாகனில் நட்டுக்குப் பதில் 17 மில்லிமீட்டர் தலையுள்ள போல்ட். முடுக்கும் அளவு பழைய ஸ்விஃப்ட்டுக்கு 85 நியூட்டன் மீட்டர், டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டாவுக்கு 108, போலோவுக்கு 120. ஒரே பெயரில் வரும் காரிலும் தலைமுறை மாறும்போது இந்த எண் மாறுகிறது என்பதால், வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணை மட்டுமே நம்புங்கள். வீடியோவில் யாரோ சொன்ன எண்ணை வேண்டாம். டிரெயின் போல்ட் பல கார்களில் 35 முதல் 40 வரை. எஞ்சினின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் வாஷரோடு அமரும் 14 மில்லிமீட்டர் மரையுள்ள ஸ்பார்க் பிளக்குக்கு 25 முதல் 30, 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20, மெல்லிய 10 மில்லிமீட்டர் மரைக்கு வெறும் 10 முதல் 12. எஞ்சின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் எம்6 (6 மில்லிமீட்டர் மரையுள்ள) போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டரே அதிகம்.

10 முதல் 120 வரை விரியும் இந்த வரிசையை ஒரே டார்க் ரெஞ்சால், அதாவது முடுக்கும் முறுக்குவிசையை அளந்து காட்டும் ஒரே ஸ்பேனரால், சமாளிக்க முடியாது. "5 முதல் 210 வரை" என்று அட்டையில் போட்டு விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கையால் இயக்கும் டார்க் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரநிலை, கருவியின் உச்ச அளவில் 20 சதவீதம் தொடங்கி உச்சம் வரையிலான பகுதியைத்தான் சோதிக்கச் சொல்கிறது. அதன்படி, உச்ச அளவு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் உள்ள கிளிக் வகை (வைத்த அளவை எட்டியதும் ஒலி எழுப்பும்) ரெஞ்சின் பிழை 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 210 வரை போகும் ரெஞ்சில் 42க்குக் கீழே அந்த உத்தரவாதம் இல்லை. அதைவிட முக்கியமாக, அளவின் அடிமட்டத்தில் 'கிளிக்' என்னும் ஓசையும் கைக்குத் தெரியும் துள்ளலும் மிக மெலிதாகிவிடுவதால், அதைத் தவறவிட்டுத் தொடர்ந்து முடுக்கி, அலுமினியத்தில் வெட்டிய மரையைப் பிடுங்கி எடுத்துவிடும் ஆபத்து உண்டு. ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கின் மரை போனால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இரண்டு நல்ல டார்க் ரெஞ்சுகளை வாங்கிவிடலாம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது, சாக்கெட்டை மாட்டும் அரை இஞ்ச் சதுரமுனை கொண்ட, 40 முதல் 200 வரையிலான ஒரு ரெஞ்ச். சக்கர நட்டுக்கு அது போதும். ஸ்பார்க் பிளக்கையும் டிரெயின் போல்ட்டையும் தொடத் துணியும்போது, 3/8 இஞ்ச் முனையில் 10 முதல் 60 வரை போகும் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். எம்6 போல்ட்டுகளுக்கு மூன்றாவதாகக் கால் இஞ்ச் ரெஞ்ச் ஒன்று இருந்தால் நல்லதுதான், ஆனால் அது அவசரமில்லை. இரண்டாவது வரும்வரை ஸ்பார்க் பிளக்கை மாற்றியே ஆக வேண்டும் என்றால், புதிய வாஷரோடு வரும் பிளக்கை விரலால் கடைசிவரை திருகி அமர்த்திவிட்டு, அதற்குமேல் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை ஸ்பேனரால் முடுக்கும் முறையைப் பிளக் உற்பத்தியாளர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவு அளவு பார்த்து முடுக்குவது எதற்கு என்ற கேள்விக்கு உராய்வில்தான் விடை இருக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்வதிலும், இன்னும் 40 சதவீதம் மரைகள் உராய்வதிலும் செலவாகிவிடுகின்றன. எஞ்சிய பத்து சதவீதமே போல்ட்டை நீட்டி, அந்த நீட்சியின் இழுவிசையால் இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. கழன்றுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மரையில் ஆயிலோ கிரீஸோ தடவினால் உராய்வு குறைகிறது. ரெஞ்ச் அதே 103இல் கிளிக் செய்தாலும், போல்ட் மட்டும் வடிவமைத்தவர் நினைத்ததைவிட வெகுவாக நீண்டுவிடுகிறது. கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை, நட்டு ஏறும் சக்கர ஸ்டட்டுகளின் மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். உலோகப் பூச்சுள்ள தன் ஸ்பார்க் பிளக்குகளுக்கு இறுகுதல் தடுக்கும் பசையைத் தடவ வேண்டாம் என்று என்ஜிகே நிறுவனம் சொல்வதற்கும் இதுவே காரணம்.

டயர் கடைகளில் நடப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. நான் டயர் மாற்றிய ஒரு கடையில், நட்டை முடுக்கும், காற்றில் இயங்கும் கன்னை வைத்து, நட்டு அமர்ந்து நின்ற பிறகும் சில நொடிகள் தடதடவென்று அடிக்கவிட்டார்கள். கேட்டபோது, "நல்லா டைட்டா இருக்குண்ணே, பயப்படாதீங்க" என்று அந்தத் தம்பி ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து, வண்டியோடு தரப்பட்டிருந்த எல் ஸ்பேனரால் தளர்த்திப் பார்த்தேன். ஒரு நட்டும் அசையவில்லை. தளர்த்துவதற்கென்றே உள்ள நீளமான தண்டான பிரேக்கர் பாரால்தான் அவற்றைக் கழற்ற முடிந்தது. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 25 சென்டிமீட்டர் கைப்பிடியுள்ள ஸ்பேனரால் 85 நியூட்டன் மீட்டர் தர, அதன் முனையில் சுமார் 35 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் போதும். நட்டு 200 வரை இறுகியிருந்தால் 80 கிலோவுக்கு மேல் தேவைப்படும். இரவில் புறவழிச்சாலையில் பஞ்சராகி நிற்கும் 50 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த ஸ்பேனரின் மேல் ஏறி நின்றாலும் அது திரும்பாது. ஸ்டட் நீள்வதும், நட்டுகளின் இறுக்கம் சமமாக இல்லாமல் பிரேக் டிஸ்க் நாளடைவில் கோணிப் பெடலில் அதிர்வு தெரிவதும் இதன் தொடர்ச்சிகள்.

இதற்கு நான் கண்ட வழி எளியது. கடையில் சக்கரத்தை மாட்டும்போது, கன்னால் லேசாக அமர்த்திவிட்டு நிறுத்தச் சொல்லி, வண்டியை இறக்கிய பின் என் ரெஞ்சால் எதிரெதிர் நட்டுகளாக நானே முடுக்கி முடிக்கிறேன். கடைக்காரர்கள் யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. அலாய் சக்கரத்துக்கு இது கட்டாயம். அலாய்க்கு மாறுகிறவர்கள் நட்டின் அமர்பரப்பையும் கவனிக்க வேண்டும். ஹோண்டாவின் நட்டு உருண்டையாக அமர்வது, மாருதியுடையது கூம்பாக அமர்வது, டொயோட்டாவின் அலாய் நட்டுகள் பல தட்டையான வாஷரோடு அமர்பவை. பொருந்தாத நட்டை எத்தனை துல்லியமாக முடுக்கினாலும் பயனில்லை.

வகைகளில் எது என்றால், கிளிக் வகையே பெரும்பாலோருக்கு ஏற்றது. வளையும் தண்டும் முள்ளும் கொண்ட பீம் வகை விலை குறைவு, அதன் அளவு எளிதில் பிசகாது, பூஜ்ஜியத்திலிருந்து நகர்ந்திருந்தால் முள்ளைச் சற்றே வளைத்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் அளவுகோலை நேராகப் பார்த்தபடியே இழுக்க வேண்டும் என்பதால், சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து நிற்பவருக்கு அது சிரமம். டிஜிட்டல் ரெஞ்ச் நல்ல கருவி. வருடத்துக்குச் சில தடவை மட்டும் எடுப்பவர் பேட்டரியைக் கழற்றி வைக்க மறந்தால் அது கசிந்து உள்ளே அரித்துவிடும்.

கிளிக் ரெஞ்சில் அளவு வைப்பதை அவசரமின்றிச் செய்ய வேண்டும். கைப்பிடியின் அடியில் உள்ள பூட்டைத் தளர்த்தி, சுழலும் உறையின் மேல் விளிம்பு 100 என்ற கோட்டைத் தொட்டு, உறையிலுள்ள பூஜ்ஜியம் நடுக்கோட்டில் நிற்கும்வரை திருப்புங்கள். 103 வேண்டுமென்றால் அதே திசையில் உறையின் 3 நடுக்கோட்டுக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பூட்டுங்கள். கைப்பிடியின் நடுவைப் பிடித்து, வெட்டி இழுக்காமல், சீராக இழுங்கள். ஒரு கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னும் இரண்டு முறை கிளிக் செய்வது கூடுதல் முடுக்கமே தவிர உறுதி அல்ல. டார்க் ரெஞ்சால் நட்டைத் தளர்த்தாதீர்கள். வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே இறக்க வேண்டாம்.

அதே ஐஎஸ்ஓ தரநிலை 12 மாதம் அல்லது 5000 தடவைக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் செய்யச் சொல்கிறது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் சான்றிதழோடு செய்து தருவார்கள். வீட்டில் தோராயமாகச் சோதிக்க ஒரு தண்ணீர் கேன் போதும். கேனோடு சேர்த்து 20 கிலோ வருமாறு நீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ரெஞ்சின் சதுரமுனையை மேசை வைஸில் கிடைமட்டமாகப் பிடித்து, முனையின் மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிக் கைப்பிடியில் கயிற்றைக் கட்டிக் கேனை மெல்லத் தொங்கவிட்டால் கிடைப்பது சுமார் 78 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடை இன்னும் இரண்டு மூன்றைச் சேர்க்கும். 75இல் வைத்தால் கிளிக் செய்ய வேண்டும், 88இல் வைத்தால் செய்யக் கூடாது. பழைய ரெஞ்ச் வாங்குபவர்கள் இதைத் தவறாமல் செய்து பாருங்கள்.

மற்ற கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாக்கெட்டுகளில் பன்னிரண்டு முனை வேண்டாம், ஆறு முனையே வாங்குங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் துருப்பிடித்த போல்ட்டின் தலையைப் பன்னிரண்டு முனை சாக்கெட் மழுக்கிவிடும். 8, 10, 12, 14, 17, 19, 21 ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். தளர்த்துவதற்கு அறுபது சென்டிமீட்டர் பிரேக்கர் பார் ஒன்று. ஸ்க்ரூ டிரைவருக்கும் ரிங் ஸ்பேனருக்கும் டபாரியா என்ற இந்திய பிராண்டே போதும். பிரேக் குழாயின் நட்டைத் தொடுவதாக இருந்தால் அதற்கென்றே உள்ள, வாய் சற்றுத் திறந்த ரிங் ஸ்பேனர் வேண்டும். சாதாரண ஓபன் ஸ்பேனர் அந்த மென்மையான தலையை உருட்டிவிடும். சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைப் பக்கம் நேரில் போய், ராட்சட்டை (சாக்கெட்டை ஒரு திசையில் மட்டும் திருப்பும் கைப்பிடி) கையில் எடுத்து மெதுவாகத் திருப்பிப் பார்த்து வாங்கலாம். பற்கள் ஒரே சீராகத் தட்ட வேண்டும். சதுரமுனையில் மாட்டிய சாக்கெட் ஆடக் கூடாது.

பணம் குறைவாக இருந்தால் எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், ஜாக் ஸ்டாண்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் எப்போது கசியும் என்பதும் யாருக்கும் தெரியாது. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் தலையோ கையோ போகவே கூடாது. நம் வீட்டு போர்டிகோக்கள் பல, மழைநீர் வடிய வாசலை நோக்கிச் சரிந்தவை, அதன்மேல் வழவழப்பான டைல்ஸ் ஒட்டியவை. அங்கே ஸ்டாண்டின் நான்கு கால்களும் முழுமையாக அமரும்படி தடித்த பிளைவுட் பலகையை விரித்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கையேடு காட்டும் இடத்தில் மட்டும் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சரிவு அதிகமாகத் தெரிந்தால் அந்த இடத்தில் வண்டியைத் தூக்க வேண்டாம். தெருவில் சமதளமான இடமாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை வீட்டில் தொட நான் யாருக்கும் சொல்வதில்லை. அவற்றில் பல, முதலில் ஒரு முறுக்குவிசைக்கும் பிறகு குறிப்பிட்ட கோணத்துக்கும் முடுக்கப்பட்டு நிரந்தரமாக நீண்டுவிடுபவை. ஒருமுறை கழற்றினால் புதியவை போட வேண்டும், கோணம் அளக்கத் தனிக் கருவியும் வேண்டும். அந்த வேலையைக் கோணமானியை எடுத்து வைத்து முடுக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.