10-க்கு 11

டிசம்பர் 27

மேற்கு மாம்பலம் போர்ஷனுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஓர் அறை, ஒட்டினாற்போல ஒரு சமையலறை. இன்றுதான் டேப் வைத்து அளந்தேன். 10 அடிக்கு 11 அடி, உயரம் 9½. அதற்குள் கட்டில், பீரோ, டிவி ஸ்டாண்டு, தையல் மிஷின், பிளாஸ்டிக் நாற்காலிகள், அப்புறம் நானும் அம்மாவும்.

"சும்மா புலம்பாதடி. இதைவிடச் சின்னக் கூடத்துல நாங்க ஏழு பேர் படுத்தோம்" என்றாள் அம்மா. படுத்தார்கள்தான். விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் கூடம் காலி. எங்கள் சாமான் எதையும் சுருட்ட முடியாது.

டிசம்பர் 29

சோபா கம் பெட் வாங்க ரொம்ப நாளாக ஆசை. கடையில் அளவைக் குறித்துக்கொண்டு வந்து, கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திவிட்டு, அம்மாவின் மார்கழிக் கோலமாவால் தரையில் கோடு போட்டேன். கதவு உள்பக்கம் திறக்கும், அது சுற்றி வரும் வளைவையும் சேர்த்தே போட்டேன். விரித்தால் 6 அடி. கதவு பாதிகூடத் திறக்காது. ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனால் அம்மாவைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆசை அங்கேயே முடிந்தது.

"நடுவீட்டுல இது என்ன கோலம்?" என்று அம்மா துடைப்பத்தை நீட்டினாள்.

ஜனவரி 3

பொங்கலுக்கு முன்னால் பெயிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தார். மூன்று சுவர் பச்சை, ஒன்று மட்டும் ஊதா. முன்பு குடியிருந்த யாரோ ஷேட் கார்டைப் பார்த்து மயங்கியிருக்கிறார்கள். படுத்தால் அந்த ஊதாச் சுவர் மூக்கருகே வந்து நிற்கும்.

பட்டி பார்த்து, நான்கு சுவருக்கும் சீலிங்குக்கும் ஒரே சந்தன வெள்ளை அடிக்கச் சொன்னேன். சீலிங்குக்குத் தனி வெள்ளைதான் வழக்கம் என்று வாதாடினார். நிறம் மாறுகிற இடத்தில் ஒரு கோடு விழுகிறது, கண் அதில் போய் முட்டுகிறது. அது இல்லாவிட்டால் சுவர் எங்கே முடிகிறது என்று சட்டென்று தெரியாது. இரண்டாவது கோட்டிங் காய்ந்ததும் அவரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜனவரி 6

கண்ணாடி மாட்டினால் அறை இரண்டு மடங்காகத் தெரியும் என்பார்கள். உண்மைதான். 4 அடிக் கண்ணாடி வாங்கி, சமையலறை வாசலுக்கு எதிரே மாட்டினேன். தேய்க்காத குக்கரும் இரண்டு, எண்ணெய்த் தூக்கும் இரண்டு. சாயங்காலமே கழற்றிவிட்டேன்.

ஜனவரி 9

சண்டிகரைத் திட்டமிட்ட லெ கார்பூசியே, பிரான்சின் தெற்குக் கடற்கரையில் தனக்கென்று ஒரு மரக்குடில் கட்டிக்கொண்டார். 1952-ல் முடிந்தது. 3.66 மீட்டர் சதுரம், அதாவது 12-க்கு 12. எங்களைவிட 34 சதுர அடிதான் கூடுதல். ஆனால் சமையலறை கிடையாது, சாப்பாடு பக்கத்து உணவகத்தில். அம்மாவிடம் சொன்னேன்.

"அவர்கிட்ட பீரோ இருந்துதா?"

ஜனவரி 11

பீரோ. தாத்தா கல்யாணச் சீராகக் கொடுத்தது. 6½ அடி உயரம், கரும்பச்சை. விற்றுவிடலாம் என்று நான் வாயெடுத்ததும் அம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சரி, இருக்கட்டும் என்று இடத்தையாவது மாற்றப் பார்த்தோம். இதுவரை கட்டிலோடு ஒட்டி நின்றதால் யார் கண்ணிலும் படாத ஒன்று: அதன் ஒரு கதவு முழுக்கக் கண்ணாடி. ஓரமெல்லாம் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு.

ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் நிறுத்தி, பொட்டுகளைச் சுரண்டினேன். பின்வீட்டு முருங்கை மரம் அறைக்குள் வந்துவிட்டது. காலை வெயிலும் கூடவே. நான் காசு கொடுத்து வாங்கிய கண்ணாடி சமையலறைப் பரணில் கிடக்கிறது. பெயிண்டரைக் கூப்பிட்டு, பீரோவுக்கும் எனாமலில் சுவரின் நிறமே அடிக்கச் சொன்னேன். "சாவித் துவாரத்தை அடைச்சிடாதீங்க" என்பதைத் தவிர அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 14

போகி. டிவி ஸ்டாண்டும் கால் உடைந்த நாற்காலியும் பழைய சாமான் கடைக்குப் போயின. டிவி சுவருக்கு ஏறியது. திரைக் கம்பியை ஜன்னல் தலைப்பிலிருந்து எடுத்து சீலிங்குக்குக் கீழே அடித்தேன். ரெடிமேட் திரை 9 அடியிலேயே கிடைக்கிறது, தரையைத் தொடாமல் நிற்கிறது. ஜன்னல் என்னவோ அதே 4 அடிதான், பார்க்கக் கதவு உயரம்.

ஜனவரி 17

காணும் பொங்கலுக்கு அத்தை குடும்பம், ஆறு பேர். பவானி ஜமுக்காளத்தை விரித்தோம். எட்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம், முழங்கால் இடிக்காமல்.

"பீரோ புதுசா, அண்ணி?" என்றாள் அத்தை. அம்மா பாயசம் ஊற்றுவதில் மும்முரமாக இருந்தாள்.

கட்டிலுக்கு அடியில் மூன்று டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. அந்தப் பேச்சை இன்னும் எடுக்கவில்லை.