எஃபெக்ட்ஸ் லூப்ல டிலே போட்டா கரகரப்பு, லெவல் மேட்ச் பண்ணி சரி பண்ண என் அனுபவம்

எனக்கு வீடு சேலம் அஸ்தம்பட்டி, ஞாயித்துக்கிழமை ஆனா ஏற்காடு ஏறி அங்க ஒரு சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கிறேன். போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் ட்யூப் ஆம்ப் வாங்கினேன், 50 வாட், பின்னாடி சென்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஜாக் இருக்கும். சென்ட்ல சிக்னல் வெளிய போயி, பெடல் வழியா ரிட்டர்ன்ல திரும்ப உள்ள வரும், இதுதான் எஃபெக்ட்ஸ் லூப். லூப் இருக்குங்குற ஒரே காரணத்துக்காகத்தான் அதை வாங்கினதே. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவுல டிலே (வாசிச்சதை எதிரொலி மாதிரி திருப்பிக் குடுக்குற பெடல்) போட்டா, சவுண்டை வேணும்னே உடைக்கிற டிரைவ் சேனல்ல ஒவ்வொரு ரிப்பீட்டும் ஆம்போட முதல் கட்டமான ப்ரீஆம்புக்குள்ள போயி நசுங்கி ஒரே சேறா வரும். லூப்ல போட்டா ப்ரீஆம்ப் தாண்டி, ஸ்பீக்கர ஓட்டுற பவர் ஆம்புக்கு முன்னாடி உக்காந்துக்கும், ரிப்பீட் தனித்தனியா தெளிவா கேக்கும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாசம் முன்னாடி டிலேவும் அனலாக் கோரஸும் லூப்ல மாட்டி பிராக்டிஸ்ல வாசிச்சேன். மெதுவா விரல்ல மீட்டினா அருமையா இருக்கு, கொஞ்சம் அழுத்தி ஸ்ட்ரம் பண்ணா கரகரன்னு உடையுது. அதுமட்டுமில்ல, பெடலைக் கழட்டிட்டு வாசிச்சா சிலநேரம் சவுண்டே பாதியா இறங்கிடுது. பெடல்தான் போச்சுன்னு முடிவு பண்ணி வேற பெடல் வாங்கவே கிளம்பிட்டேன், நல்லவேளை அதுக்கு முன்னாடி சேவாப்பேட்டைல ஆடியோ சர்வீஸ் பண்ற ஒரு அண்ணாகிட்ட கேட்டேன். அவர் பெடலைத் தொடவே இல்ல. "தம்பி, பெடலெல்லாம் கழட்டிட்டு சென்ட்லருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன கேபிள் மட்டும் போட்டு வாசிச்சுப் பாரு"ன்னாரு.

கேபிள் மட்டும் போட்டா கரகரப்பு இல்ல. ஆனா அந்தக் கேபிளையும் எடுத்துட்டா சவுண்ட் ஏறி இறங்குது. இதுல பிரச்சனை ரெண்டுன்னு அப்பதான் புரிஞ்சுது. லூப்ல எதுவும் மாட்டாதப்ப சிக்னல் ரிட்டர்ன் ஜாக்குக்குள்ள இருக்குற ஒரு சின்ன ஸ்விட்ச் காண்டாக்ட் வழியாத்தான் போகும், மலைமேல ஈரத்துல அது கறுத்துப் போயிருந்துச்சு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பிளக்கை பத்து தடவ சொருகி எடுத்தேன், அது அதோட தீர்ந்துச்சு. பழைய ஆம்ப் வச்சிருக்குறவங்க சவுண்ட் கம்மியானா ட்யூப் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க, ட்யூப் விலை உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கரகரப்பு. இங்கதான் எனக்கு நாலு நாள் ஓடிப்போச்சு.

கிட்டார் பெடல் கிட்டார்லருந்து வர்ற சின்ன சிக்னலுக்காக செஞ்சது, பாஸ் (Boss) கம்பெனி பெடல் மேனுவல்ல எல்லாம் நாமினல் இன்புட், அதாவது வழக்கமா வர வேண்டிய லெவல், மைனஸ் 20 டிபியூன்னு (சிக்னல் லெவல சொல்ற அளவு) போட்டிருப்பாங்க, அது கிட்டத்தட்ட 0.078 வோல்ட். ஸ்டூடியோ ரேக் சாமான் எல்லாம் ப்ளஸ் 4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட். நடுவுல 24 டெசிபல் வித்தியாசம், வோல்டேஜ்ல சொன்னா பதினாறு மடங்கு. ரோலண்ட் ஜேசி-120 மாதிரி ஆம்ப்ல பின்னாடி லூப்புக்கே இந்த ரெண்டு லெவலுக்கும் ஒரு ஸ்விட்ச் குடுத்திருக்காங்க, எவ்ளோ நல்ல வசதி. என்னோடதுல அது கிடையாது, அதனால சென்ட்ல என்ன வருதுன்னு அளந்தே ஆகணும்னு அண்ணா சொல்லிட்டாரு.

என்கிட்ட இருந்தது அந்த மஞ்ச கலர் சின்ன மல்டிமீட்டர், அதுல ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்லதான் ஆரம்பிக்குது, இந்த வேலைக்கு ஆகாது. 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் இருக்குற மீட்டர அண்ணா ரெண்டு நாளைக்குக் குடுத்தாரு. போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 200 ஹெர்ட்ஸ் சைன் வேவ் வச்சேன், ஏன்னா நிறைய மீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல சரியா காட்டாது, 50ம் 100ம் வச்சா கரண்ட் ஹம்மோட கலந்துடும். போனோட லெஃப்ட் சேனல மட்டும் எடுத்து, மீட்டர்ல 0.1 வோல்ட் வர்ற மாதிரி வால்யூம் வச்சு ஆம்ப் இன்புட்ல குடுத்தேன். சென்ட்ல ஒரு கேபிள் சொருகி அதோட அடுத்த முனைல, பிளக் நுனிலயும் தண்டுலயும் மீட்டர் குச்சிய வச்சா போதும். ஸ்பீக்கர் எப்பவும் மாட்டியே இருக்கணும், ஆம்ப தயவுசெஞ்சு திறக்காதீங்க, ட்யூப் ஆம்புக்குள்ள 400 வோல்ட்டுக்கு மேல இருக்கும், ஆஃப் பண்ணப்புறமும் கெப்பாசிட்டர்ல தேங்கி நிக்கும்.

கிளீன் சேனல் வால்யூம் நான் வழக்கமா வைக்கிற 6ல, சென்ட்ல 2.6 வோல்ட். இது ஆர்எம்எஸ் கணக்கு (மீட்டர் காட்டுற ஒரு மாதிரி சராசரி), உச்சிலருந்து உச்சிக்குப் பாத்தா 7.3 வோல்ட்டுக்கு மேல வரும். பெடலுக்கே மொத்தம் 9 வோல்ட்தான் சப்ளை, அதுல உள்ள இருக்குற ஐசி முழுசா 9க்கும் ஆடாது. அப்ப அழுத்தி ஸ்ட்ரம் பண்ணா எங்க போகும், உடையத்தான் செய்யும். பெடல் மேல ஒரு தப்பும் இல்ல. (18 வோல்ட் அடாப்டர் போட்டா ஹெட்ரூம், அதாவது உடையாம தாங்குற அளவு, கூடும்தான், ஆனா பெடல் மேலயே 18ன்னு எழுதியிருந்தா மட்டும் போடுங்க, இல்லன்னா பொசுங்கிடும்.)

என் ஆம்ப்ல லூப் சேனல் வால்யூமுக்கு அப்புறம், மாஸ்டர் (மொத்த) வால்யூமுக்கு முன்னாடி இருக்கு. அதனால சேனல் வால்யூம 3க்கு இறக்கி மாஸ்டர ஏத்தினேன், காதுக்கு அதே சத்தம், ஆனா சென்ட்ல 0.9 வோல்ட்தான். இவ்ளோ சிம்பிளான விஷயத்த இத்தன வருஷத்துல யாரும் எனக்கு சொன்னதில்ல. மாஸ்டர 2ல வச்சு சேனல முறுக்குறது எங்க பசங்க எல்லாருக்கும் பழக்கம், லூப்ல பெடல் இருக்குறவங்க அதை மாத்தித்தான் ஆகணும். டிலே அதோட சுத்தமாயிடுச்சு.

கோரஸ் மட்டும் இன்னும் உடைஞ்சுது. அதுக்குள்ள இருக்குறது பக்கெட் பிரிகேட்னு ஒரு அனலாக் சிப் (சிக்னல கைமாத்தி கைமாத்தி தாமதப்படுத்துறது), அது தாங்குற சிக்னல் இன்னும் கம்மி. அதுக்கு அண்ணா ஒரு சின்ன இரும்பு டப்பாவுல ரெண்டு ஜாக், ரெண்டு ரெசிஸ்டர் வச்சு குடுத்தாரு, சிக்னல் லைன்ல 10கே ஓம், அதுக்கப்புறம் கிரவுண்டுக்கு 3.3கே ஓம். இது சிக்னல நாலுல ஒரு பங்காக்கும், 12 டெசிபல் குறைப்பு. சென்ட் 0.9ஆ இருந்தது டப்பா தாண்டினா 0.2 வோல்ட் சொச்சம். கோரஸ், டிலே ரெண்டும் அதுக்கப்புறம், கடைசில ஒரு கிளீன் பூஸ்டர் (சவுண்டை உடைக்காம லெவல மட்டும் ஏத்துற பெடல்), அதைத் திருப்பி ரிட்டர்ன் கேபிள் முனைல மறுபடி 0.9 வர்ற வரைக்கும் ஏத்தினேன். இதுக்குத்தான் யூனிட்டின்னு பேரு, லூப் மாட்டினாலும் கழட்டினாலும் சத்தம் மாறக்கூடாது. இதை செட் பண்றப்ப டிலேவ ஆஃப் பண்ணிக்கோங்க, இல்லன்னா ரிப்பீட்டும் கூடி மீட்டர்ல நம்பர் ஆடிட்டே இருக்கும். என்னோடது சீரிஸ் லூப், சிக்னல் முழுசும் பெடல் வழியாத்தான் போகும், பேரலல் லூப் உள்ள ஆம்ப்ல பெடல் படாத டிரை சிக்னல் தனியா போகுறதால இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது.

ஒண்ணு சொல்லணும், குறைச்சு ஏத்துனா இரைச்சலும் கூட ஏறும். எனக்கு டிரைவ் சேனல்ல உஸ்ஸுன்னு கொஞ்சம் கேக்குது, பாட்டு நடக்குறப்ப தெரியல, பாதிரியார் ஜெபம் பண்றப்ப தெரியுது, அப்ப பூஸ்டரோட கோரஸையும் சேர்த்து தாண்டுற மாதிரி ஒரு லூப்பர் ஸ்விட்ச் (ரெக்கார்ட் பண்ற லூப்பர் இல்ல, பைபாஸ் பண்றது) போடலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன். டிலே டிஜிட்டல், அதுலருந்து ஒரு கீச்சு சத்தமும் வந்துச்சு, அதுக்கு தனி அடாப்டர் குடுத்ததுல அது நின்னுச்சு.

கிறிஸ்துமஸ் ராத்திரி மலைல பனி இறங்கி சர்ச் ஜன்னல் எல்லாம் வெள்ளையா இருந்துச்சு, நாங்க முதல் பாட்ட ஆரம்பிச்சதும் நான் பயந்து பயந்து ஸ்ட்ரம் பண்ணேன், ஒண்ணும் உடையல, ரெண்டாவது சரணத்துல முழுசா அழுத்தியே வாசிச்சேன். இப்ப பூஸ்டர் நாப்ல வெள்ளை பெயின்ட்ல ஒரு புள்ளி வச்சிருக்கேன், 20 ஹேர்பின் பெண்ட் ஏறி வர்றதுக்குள்ள பைக்குள்ள அது திரும்பிடுது, மேல போனதும் புள்ளிய நேர் பண்ணிட்டுத்தான் ஆம்ப் ஆன் பண்றேன்.