கனமான மரவேலைக்கு எந்த கேஜ் திருகாணி?

நான் செய்த வேலை மேசையில், காலின் மேல் குறுக்குச் சட்டம் படியும் இடத்தில் போட்ட 8-ஆம் எண் (கேஜ், அதாவது தடிமனைக் குறிக்கும் எண்) திருகாணிகள் இரண்டும் ஓராண்டுக்குள் வளைந்துவிட்டன. கழற்றிப் பார்த்தபோது, புரிகள் மரத்தைச் சற்றும் விடாமல் கவ்வியிருந்தன. ஆனால் இரு கட்டைகளும் சந்திக்கும் இடத்தில் தண்டு மடங்கி, ஒன்றில் மயிரிழை போன்ற விரிசலும் விழுந்திருந்தது. இழைப்புளியைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் மேசைக்குப் பக்கவாட்டில் வரும் அழுத்தத்தை அந்த மெல்லிய தண்டுதான் தாங்கியிருக்கிறது. நீளமான திருகாணியே போதும் என்று எண்ணியிருந்தேன். நீளம் பிடிமானத்தைக் கூட்டும். வளையாமல் காப்பதோ தடிமன்.

திருகாணியில் எண் ஏற ஏறத் தடிமனும் ஏறும். கம்பிக்கும் தகட்டுக்கும் வழங்கும் கேஜ் இதற்கு நேர்மாறானது என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். 8-ஆம் எண்ணின் விட்டம் ஏறத்தாழ 4.2 மி.மீ.; 10-க்கு 4.8, 12-க்கு 5.5; 14-க்கு 6.1. எட்டிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் விட்டம் 1.3 மி.மீ. மட்டுமே கூடுகிறது என்றாலும், குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 70 சதவீதம் பெருகிவிடுகிறது. ஆகவே கட்டில், வேலை மேசை, புத்தகச் சுமை தாங்கும் அலமாரி போன்றவற்றை நான் 10-ஆம் எண்ணுக்குக் கீழே தொடங்குவதில்லை. காலும் சட்டமும் சேரும் இடங்களுக்கு 12. பதினான்கைத் தடித்த கட்டைகளில் மட்டுமே போடலாம். அதற்கும் மேலே பாரம் வந்தால், அறுகோணத் தலை கொண்ட பெரிய திருகாணியோ, நட்டுடன் கூடிய போல்ட்டோதான் சரி.

தடிமன் கூடும்போது மரம் பிளக்கும் அபாயமும் கூடுகிறது. இங்கேதான் முன்துளை முக்கியமாகிறது. டிரில் பிட்டைத் திருகாணிக்கு முன்னே கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள்: நடுத்தண்டு மறைந்து, இருபுறமும் புரிகள் மட்டும் தெரிந்தால் அளவு சரி. 12-ஆம் எண்ணுக்குக் கடின மரத்தில் ஏறத்தாழ 3.5 மி.மீ., மென்மரத்தில் 3 மி.மீ. துளை எனக்குப் பொருந்திவருகிறது. மேல் கட்டையில் மட்டும் திருகாணி தடையின்றி நழுவிச் செல்லும்படி 6 மி.மீ. துளை வேண்டும், அதைக் குறுகலாக விட்டால் புரிகள் இரண்டு கட்டைகளையும் ஒருசேரக் கவ்வி, எவ்வளவு இறுக்கினாலும் நடுவிலுள்ள இடைவெளி மூடாது.

கட்டையின் வெட்டு முனையில், அதாவது நார்களின் ஓட்டத்திலேயே திருகாணி இறங்கும் இடத்தில், பிடிமானம் வெகுவாகக் குறையும். அங்கே கேஜை மட்டும் கூட்டிப் பயனில்லை, இணைப்பையே மாற்றியமைக்க வேண்டும். ஜிப்சம் பலகைக்கான கறுப்புத் திருகாணிகளையும் கனமான வேலையில் நான் தொடுவதில்லை. கடினப்படுத்தப்பட்ட எஃகு என்பதால் அவை வளைவதற்குப் பதில் ஒடிந்துவிடுகின்றன.

மேசையை மறுபடி பூட்டியபோது, 35 மி.மீ. சட்டத்தின் வழியே 75 மி.மீ. நீளமுள்ள 12-ஆம் எண் திருகாணிகளைப் போட்டேன். காலுக்குள் 40 மி.மீ. இறங்கியது. புரிகளில் மெழுகு தேய்த்துக்கொண்டு, கடைசிச் சில சுற்றுகளை இயந்திரத்தை விட்டுவிட்டுக் கையாலேயே இறுக்கினேன்; தலை மரத்தில் சமமாகப் படிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.