கென்னடி தேர்ந்தெடுத்த துணை

ஒரு கட்சி தன் வலிமையான அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் இருவரைத் தேர்ந்தெடுப்பதுதான் என்று நான் நம்புவதற்கு, 1960ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலே காரணம்.

லாஸ் ஏஞ்சலிஸில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் முதல் சுற்றிலேயே வென்ற ஜான் கென்னடி, மாசசூசெட்ஸைச் சேர்ந்த 43 வயதுக் கத்தோலிக்கர். தென்மாநிலங்கள் அவரை ஏற்குமா என்ற ஐயம் கட்சிக்குள்ளேயே இருந்தது. ஆகவே, அதே மாநாட்டில் தம்மை எதிர்த்து நின்று தோற்ற, தென்மாநிலமான டெக்சாஸைச் சேர்ந்த லிண்டன் ஜான்சனையே, தம்பி ராபர்ட்டும் தொழிற்சங்கத் தலைவர்கள் பலரும் விரும்பாதபோதும், அவர் துணை அதிபர் வேட்பாளராக்கினார். எதிர்த்தவரை அருகில் அமர்த்திக்கொண்ட அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

டெக்சாஸ் சுமார் 46,000 வாக்கு வித்தியாசத்தில் அவர்கள் பக்கம் வந்தது. கென்னடி கொல்லப்பட்டபின் அதிபரான ஜான்சன்தான், 1964இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார்.