முற்றத்துக்குப் பொடுதலை

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான எங்கள் வேலணையில் புது வீடு கட்டுகிறவர்கள் முற்றத்துக்கு இப்போது இரண்டு வழிதான் பார்க்கிறார்கள். ஒன்று இன்டர்லொக் கல், மற்றது லொறியில் சதுரம் சதுரமாக வந்து இறங்குகிற புல். கல் வெயிலுக்குக் கொதிக்கும். புல்லுக்கு நாள் தவறாமல் நல்ல தண்ணீர் வேண்டும். அதற்குத் தீவில் எங்கே போவது? சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கின மழைத்தண்ணீர், கீழே கிடக்கிற கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஆவணி, புரட்டாதியில் எங்கள் கிணறே சவர்க்கும்.

என் முற்றத்தில் பொடுதலைதான். தலைப்பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற அதே பொடுதலை. குளக்கட்டில் தானாகப் படர்ந்து கிடப்பது. உப்பைத் தாங்கும், கோடையைத் தாங்கும், மாரியில் வெள்ளம் சில நாள் நின்றாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஐப்பசி மழை தொடங்கினவுடன், கணுவுள்ள தண்டுகளாகக் கிள்ளி, ஒரு சாண் இடைவெளியில் படுக்கவைத்துக் கணுவில் மண்ணை அமத்திவிட்டால் போதும். கணுவுக்குக் கணு வேர் விடும். தொடக்கத்தில் கோரையை மட்டும் கிழங்கோடு பிடுங்கவேண்டும். அப்புறம் அது தன்பாட்டில் படரும். கோடையில் கிழமைக்கு ஒருக்கா தண்ணீர் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

பூவைக் குனிந்துதான் பார்க்கவேண்டும். நடுவில் கரும் ஊதாவாக ஒரு சின்னக் குமிழ், அதைச் சுற்றி ஒரே ஒரு வளையம் வெள்ளைப் பூ, சிலது லேசான ரோசா. வளையம் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டு போகும், குமிழும் நீளும். தேனீ நிறைய வரும், வெறுங்காலோடு நடக்கிறவர்கள் கவனம்.

பக்கத்து வீட்டு மாமிக்கு இது பிடிக்கவேயில்லை. "முத்தமெண்டால் கூட்டின மண் தெரியவேணும் பிள்ளை. உதுக்குள்ள பாம்பு கிடந்தாலும் தெரியாது." மூன்று விரல் உயரத்துக்குள் எந்தப் பாம்பு ஒளிக்கப் போகிறது! ஆனால் கூட்டுகிற விஷயத்தில் அவர் சொல்வது சரி. வேப்பஞ்சருகு உள்ளே போய்ச் சிக்கும், ஈர்க்கு விளக்குமாறு தண்டையும் சேர்த்து இழுக்கும். வேம்பின் நிழலில் ஐதாகத்தான் வளர்கிறது என்பதால் அந்த இடத்தை மண்ணாகவே விட்டுவிட்டேன். மாமி கதிரை போட்டு இருப்பதும் அங்கேதான்.

ஜப்பானில் இதே பொடுதலையிலிருந்து விதை வைக்காத ஓர் இனத்தை எடுத்து, குராப்பியா என்று பெயர் வைத்து, கலிபோர்னியாவில் புல்லுக்குப் பதிலாக விற்கிறார்கள். நாங்கள் குளக்கட்டில் அதை மிதித்துக்கொண்டு போய்ப் புல்லுக்குக் காசு கட்டுகிறோம்.

தொல்லை இல்லாமல் இல்லை. எல்லை தெரியாத செடி. சீமெந்துப் பாதைக்கு மேலே ஓடும், கத்தரிப் பாத்திக்குள் புகும். அவ்வப்போது விளிம்பை உழவாரத்தால் செதுக்கிவிடவேண்டும். செதுக்கினதை ஈரத்தோடு வேலிக்கு அப்பால் வீசாதீர்கள், அங்கேயும் வேர் விட்டுவிடும். நான் சீமெந்தில் பரப்பி நன்றாகக் காயவிட்டுத்தான் எருக்கிடங்கில் போடுகிறேன்.