சிலவேளை படுத்தும் பாடு

எத்தனை தரம் நடக்கிறது என்று சொல்லும் சம்டைம்ஸ், ஒல்வேய்ஸ், நெவர் போன்ற ஆங்கிலச் சொற்களில், தமிழை அப்படியே மாற்றப்போய் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். கிழக்கிலங்கையில் கல்லடியிலோ கல்முனையிலோ மாலை நேர ஆங்கில வகுப்பு எடுப்பவர்கள் அடிக்கடி திருத்தும் வசனம் ஒன்று உண்டு: "சம்டைம்ஸ் ஹீ வில் கம் டுமாரோ." பிள்ளை மனதில் நினைத்தது, 'சிலவேளை அவர் நாளைக்கு வருவார்' என்பதைத்தான். நம் பேச்சில் சிலவேளைக்கு இரண்டு வேலை. இடைக்கிடை என்றும் பொருள் தரும், ஒருவேளை என்றும் பொருள் தரும். சம்டைம்ஸுக்கு முதல் வேலை மட்டும்தான், மற்றதற்கு மேபி. நாளைக்கு ஒருமுறை நடக்கப்போவதற்கு 'எத்தனை தரம்' என்று கேட்க முடியுமா? இந்தக் கேள்வியைப் போட்டால் பிள்ளையே திருத்திவிடும்.

அடுத்தது "ஹீ ஒல்வேய்ஸ் லேட்." ஒல்வேய்ஸ் போன்ற சொல்லை, 'அம்', 'இஸ்', 'ஆர்' வந்தால் அதற்குப் பின்னால், வேறு வினை தனியே வந்தால் அதற்கு முன்னால், 'ஹேஸ் கோன்' போல இரண்டாக வந்தால் நடுவில் என்று விதியை ஒப்பிக்கும் பிள்ளையும் இதில் விழும். 'அவர் எப்பவும் லேட்' என்றாலே தமிழில் வசனம் முடிந்துவிடுகிறது, வினை தேவையில்லை. இல்லாத இஸ்ஸுக்குப் பின்னால் எதை வைப்பது? அதனால் முதலில் ஒல்வேய்ஸ் இல்லாமல் "ஹீ இஸ் லேட்" என்று எழுதவைத்து, பிறகு செருகச் சொல்ல வேண்டும். விதியைப் பத்துத்தரம் சொல்வதைவிட இது பலன் தரும்.

'மீனவர்கள் விடியப்புறம் கடலுக்குப் போவார்கள்.' வழக்கத்தைச் சொல்ல நமக்கு எதிர்கால வடிவம். அது அப்படியே "தே வில் யூசுவலி கோ" ஆகிறது. 'வில்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் சரி. தமிழில் 'ஒருபோதும்' என்பது எதிர்மறை வினையைக் கேட்கும். ஆங்கிலத்தில் நெவர் என்ற சொல்லே எதிர்மறை. ஆகவே "ஹீ நெவர் டஸின்ட் ஈட் ஃபிஷ்" என்றால், அவர் மீன் சாப்பிடாத நாளே இல்லை என்று தலைகீழாகிவிடும்.

எவ்வளவு அடிக்கடி என்று காட்டப் புத்தகங்கள் தரும் சதவீத அட்டவணையில் ஒல்வேய்ஸ் 100, நெவர் 0 என்ற இரண்டு முனையும் சரி. இடையில் உள்ள எண்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், அதைப் பாடமாக்கவைப்பது வீண். "இட் ஒஃபன் ரெயின்ஸ் இன் டிசெம்பர், இட் ரெயர்லி ரெயின்ஸ் இன் ஜூன்" என்றால் மட்டக்களப்பில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். (ஜூனில் மழை பெய்யும் நுவரெலியாவின் பிள்ளை இதற்குச் சண்டைக்கு வரும்.)

எவ்ரி டே, ட்வைஸ் எ வீக் போன்ற தொடர்களுக்கு நடு இடம் கிடையாது. "ஐ எவ்ரி டே கோ" என்று வந்தால் அதைத் தூக்கி வசனத்தின் கடைசியில் போடலாம்.