ஆயாவின் தலையணைக்கு அடியில்

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா போன வாரம் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. தூக்கிப் படுக்க வைக்கும்போதுதான் தலையணைக்கு அடியில் அந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். அல்பிரசோலம், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரை. ஓரத்தில் சிவப்புக் கோடு, பத்தில் நான்கு காலி.

"தூக்கம் வரலன்னு மருந்துக்கடையில கேட்டேன்பா, குடுத்தாங்க. ரெண்டு வருஷமா போட்டுக்கினு இருக்கேன்" என்றார். டாக்டர் சீட்டே கிடையாது.

இது ஷெட்யூல் எச்1, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. சீட்டைப் பார்த்து விற்றாலும் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனி நோட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். மனசு ஆறவில்லை எனக்கு.

வயதானவர்களுக்கு இது தள்ளாட்டம், மறதி எல்லாம் தரும். குடித்துவிட்டுப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம். அதற்காகப் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். தூக்கமின்மை, மனக்கவலை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் பேசலாம், காசு கிடையாது.

நாளைக் காலை ஆயாவை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகிறேன். அந்த அட்டையையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.